கையறிந்ததும் ஏடறிந்ததும்

சீராக்கின் ஞான நூலின் 38-ஆம் அதிகாரத்தை மருத்துவரைப் போற்றும் அதிகாரமாகவே நம்மில் பலர் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் பிற்பகுதி அவ்வளவாக நம் காதில் விழுவதில்லை. 24-ஆம் வசனம் தொடங்கி அதிகாரம் முடியும்வரை ஞானி கைத்தொழிலாளரைப் பற்றிப் பேசுகிறார். ஏர் பிடிக்கும் உழவர், முத்திரை வெட்டும் கைவினைஞர், உலையின் அனலில் வெந்தபடி பட்டடையருகே அமர்ந்திருக்கும் கொல்லர், காலால் சக்கரத்தைச் சுழற்றும் குயவர் என ஒருவர்பின் ஒருவராக நம் கண்முன் நிறுத்துகிறார். இவர்கள் இல்லாமல் எந்நகரிலும் மக்கள் குடியிருக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். ஆயினும் மக்கள் மன்றத்தில் கருத்துக் கேட்க இவர்களை யாரும் அழைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். உலகின் அமைப்பைத் தாங்கி நிற்பவர்களும் அவர்களே. அவைக்கு வெளியே நிற்பவர்களும் அவர்களே!

கையறிந்த அறிவுக்கும் ஏடறிந்த அறிவுக்கும் இடையே எழுந்த இச்சுவர் யூதேயாவுக்கு மட்டும் உரியதன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கும் அது அறிமுகமானதே. கைத்தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் சென்றபோது, அந்த அறிவுக்கு உரியவர்களின் பெயரும் பிழைப்பும் அதனுடன் சென்றனவா? இக்கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சேலம் நகருக்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலையும், அதன் அடிவாரத்தில் தறியோசை கேட்கும் இளம்பிள்ளையும் போதும்.

மலை தந்த இரும்பு

கஞ்சமலையை நம் மக்கள் சித்தர்களின் மலையாக அறிவர். நிலவியல் அறிஞர் அதனை இரும்பு மலையாக அறிவர். வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபுட் ஆகிய இருவரும் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக எழுதி 1864-இல் வெளிவந்த அறிக்கை, சேலம் வட்டாரத்தின் காந்த இரும்புக்கல் படுகைகளை விவரிக்கையில் கஞ்சமலைக்குத் தனி இடம் தருகிறது. ஆனால் அவர்கள் வருவதற்கு மிக முன்பே அந்தக் கல்லின் குணத்தை அறிந்தவர்கள் இங்கே வாழ்ந்தார்கள்.

தமிழகத்தில் இரும்பின் தொன்மை பற்றி அண்மை ஆண்டுகளில் வந்த செய்திகளை வாசகர்கள் அறிந்திருப்பர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகள் கி.மு. 2172 வரை செல்வதாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் சான்றுகள் அதனினும் ஓராயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை என்று 2025 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று வியந்து பேசிய எஃகு தென்னாட்டில் பிறந்ததே. கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லின் திரிபே அப்பெயர் என்பர் அறிஞர். நம் 'உருக்கு' அதன் உறவுச்சொல்.

அந்த உருக்கை நம் கொல்லர் எவ்வாறு செய்தனர் என்பதைக் கண்ணால் கண்டு எழுதியவருள் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகச் சேலம் பகுதியில் பணிபுரிந்த ஆங்கிலேயர் அவர். இந்திய இரும்பையும் எஃகையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1839-இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அவர் விவரிக்கும் முறையைச் சற்று நிதானமாகவே பார்ப்போம். அறிவு கையில் எவ்வாறு குடியிருக்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

முதலில் இரும்புக்கல்லை இடித்துத் தூளாக்குவர். வெண்கல்லின் துகள்கள் இலேசானவை. இரும்புத் துகள்கள் கனமானவை. முறத்தில் புடைத்தோ நீரில் அரித்தோ ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிப்பர். மூன்று நான்கு அடி உயரமுள்ள களிமண் உலையில் கரியும் அத்தூளும் மாறிமாறி இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் சில மணி நேரம் ஊதினால் அடியில் இரும்புக் கட்டி சேரும். அதனைச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்கிச் சிறு துண்டுகளாக வெட்டுவர். இது இரும்பே, இன்னும் எஃகன்று.

எஃகாக்கும் வித்தை அடுத்த படியில் இருக்கிறது. இரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் வைத்து, உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி அதனுடன் இடுவர். மேலே பசுமையான எருக்கிலை ஒன்றிரண்டு வைத்து மூடுவர். அது கிடைக்காத இடத்தில் வேறொரு கொடியின் இலையைப் பயன்படுத்துவர். மூசையின் வாயைப் பிசைந்த களிமண்ணால் அடைத்து, காய்ந்ததும் இருபது இருபத்துநான்கு மூசைகளை ஒரே உலையில் வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் இடைவிடாமல் ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும்.

ஏன் ஆவாரங்கட்டை? ஏன் எருக்கிலை? உலையருகே நின்றவர் வேதியியல் கற்றவரல்லர். ஆனால் எந்தக் கட்டை, எத்தனை இலை, எவ்வளவு காற்று என்பதை அவர் கை அறிந்திருந்தது. ஹீத் இதனை வேதியியலின் கண்கொண்டு நோக்கினார். இரும்பை நேராகக் கரிப்பொருளுடன் மூசையில் உருக்கி எஃகாக்கும் முறைக்கு டேவிட் மஷெட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1800-இல். இரும்பைக் கரிவாயுவில் காயவைத்து எஃகாக்கும் முறைக்குச் சார்லஸ் மக்கின்டாஷ் காப்புரிமை பெற்றது 1825-இல். காய்ந்த கட்டையும் பச்சிலையும் ஒரே மூசையில் சேரும் நம்மவர் முறையிலோ அவ்விரு தத்துவங்களும் ஒருங்கே அடங்கியிருந்தன! ஆங்கில எஃகு உருவாகப் பல நாட்கள் ஆன காலத்தில் இங்கே அது சில மணி நேர வேலையாக இருந்தது. ஹீத் வியந்தார், வியந்ததை ஒளிக்காமல் எழுதினார். அது அவருடைய நேர்மை.

வியப்புக்குப் பின் நடந்தது

அந்த வியப்பு ஹீத்துக்கு முன்பே ஐரோப்பாவில் பரவியிருந்தது. மருத்துவர் ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ஊட்ஸ் எஃகைப் பற்றி இலண்டன் அரசக் கழகத்தில் ஆய்வுரை வழங்கினார். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே 1819-இல் அதனைப் பகுத்தாய்ந்தார். அதைப் போன்ற எஃகைச் செய்ய முயன்று, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளருடன் சேர்ந்து உலோகக் கலவை எஃகுகளைப் பற்றி 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வெளியிட்டார். பின்னாளில் மின்னியலால் உலகப் புகழ் பெற்ற அவருடைய இளமைக்கால உழைப்பில் ஒரு பங்கு தென்னாட்டு உலையின் புதிரை அவிழ்ப்பதற்கே செலவாயிற்று. கலவை எஃகைப் பற்றிய முறையான ஆராய்ச்சியின் தொடக்கங்களுள் அது ஒன்று என்பர்.

ஹீத்தோ ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. கம்பெனிப் பணியைத் துறந்து, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புக்கல் பரிசல்களில் காவிரி வழியாகக் கடற்கரைக்குச் சென்றது. காவிரிக் கரையில் நம் பூலாம்பட்டியிலும் பிற்பாடு ஓர் ஆலை எழுந்தது. ஆனால் ஆலைக்கு வேண்டிய மரக்கரி காடுகளைத் தின்றது, முதல் கரைந்தது, கடன் பெருகியது. ஹீத் தாயகம் திரும்பி, உருகும் எஃகில் மாங்கனீசுக் கரியகம் சேர்த்தால் அதன் தரம் உயர்வதைக் கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரில் நல்ல எஃகின் விலை இதனால் வெகுவாகக் குறைந்தது.

மாங்கனீசு நம் கொல்லரிடமிருந்து கற்ற பொருளன்று. அப்படிச் சொன்னால் அது வீண்பெருமையாகும். ஆயினும் மூசையில் இடும் சிறிய பொருள் ஒன்று எஃகின் குணத்தையே மாற்றும் என்பதைக் காணும் கண், சேலத்து உலைகளின் அருகே திறந்த கண் என்று நாம் கருதுவது தவறாகாது.

பிறகு நிகழ்ந்தது ஒரு நீதிக்கதையைப் போன்றது. ஹீத்தின் முகவராக இருந்த அன்வின் என்பவர், மாங்கனீசுக் கரியகத்தைத் தனியே செய்து சேர்க்காமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் மூசையிலேயே இட்டுவிட்டு, இது காப்புரிமைக்கு உட்பட்டதன்று என வாதிட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851-இல் வறுமையில் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் அவை அவர் தரப்புக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவர் தொடங்கிய ஆலைகளும் சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஹீத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஆங்கில நூல்கள் பரிவோடு பேசுகின்றன. பேசட்டும், அது நியாயமே. ஆனால் அவருக்காவது ஒரு காப்புரிமை இருந்தது. வழக்காட ஒரு நீதிமன்றம் இருந்தது. இறந்தபின் இரங்க ஒரு வரலாறு இருந்தது. ஆவாரங்கட்டையை நறுக்கியவருக்கு என்ன இருந்தது? அவருடைய பெயர்கூட நம் கைக்கு வந்து சேரவில்லை. இங்கிலாந்தின் மலிவான இரும்பு கப்பலில் வந்திறங்கியது. 1882-இன் சென்னை வனச்சட்டத்துக்குப்பின் காடு கைக்கெட்டாப் பொருளாயிற்று. கரி விலை ஏறியது. உலை அணைந்தது. உலையருகே நின்றவர் கூலி வேலை தேடிப் போனார். அவர் மகனுக்கு எருக்கிலையின் கணக்கு தெரியாது.

இதே கஞ்சமலையின் அடிவாரத்தில் சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை அது உருட்டத் தொடங்கியது. ஆலையின் கனவு மலையின் இரும்பிலிருந்து பிறந்தது. ஆயினும் ஆலையின் மூலப்பொருள் வெளியிலிருந்தே வந்தது. மலையும் ஆலையும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. இடையே நின்றிருக்க வேண்டிய மனிதர் மட்டும் இல்லை.

தறியின் கதை

உலைகள் அணைந்தன; அடிவாரத்துத் தறிகள் அணையவில்லை. எனவே இக்கேள்வி நமக்குப் பழங்கதையாக முடிந்துவிடவில்லை. இன்று இளம்பிள்ளை சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் தறிகளின் மேலே நிற்கும் ஜக்கார்டு பெட்டியையும் அதில் தொங்கும் துளையிட்ட அட்டைகளையும் நம் வாசகர் பலர் பார்த்திருப்பர். அந்த அட்டையின் வரலாறும் கையறிவிலிருந்தே தொடங்குகிறது.

பிரான்சு நாட்டு லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர்பெற்றது. பூவேலைப் பட்டு நெய்ய அங்கே நெசவாளருக்கு உதவியாகச் சிறுவர்கள் தறியருகே நின்று நூல்களைத் தூக்கி இழுக்க வேண்டியிருந்தது. நெசவுக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டு அத்தொழிலை அருகிருந்து அறிந்தவர். துளையிட்ட காகிதத்தால் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் எண்ணத்தை 1725-இல் பசில் பூஷோன் தொடங்கிவைத்தார். ஃபால்கோன் அதனை அட்டைகளாக மாற்றினார். 1745-இல் வோகான்சோன் மற்றொரு படி முன்னே சென்றார். இவர்கள் மூவரும் விட்டுச்சென்றதை நெசவாளனின் கையறிவோடு இணைத்து, 1804-இல் ஜக்கார்டு பயன்படும் பொறியாக்கினார். பிரெஞ்சு அரசு அப்பொறியைப் பொதுவுடைமையாக்கி, அவருக்கு ஓய்வூதியமும் தறிக்கு இவ்வளவு என்ற உரிமைத்தொகையும் அளித்தது. பிற்காலத்தில் கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜும், 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறி செய்த ஹெர்மன் ஹொல்லரித்தும் துளையட்டையையே கையாண்டனர். இன்றைய கணிப்பொறியின் குலமுறையில் ஒரு தறியும் உண்டு என்பதை இளம்பிள்ளைச் சிறுவர் அறிந்தால் எவ்வளவு பெருமை கொள்வர்!

அதே லியோன் நகரம் நம் விசுவாச வரலாற்றோடும் பிணைந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டு வணிகர் ஒருவரின் மகளாக 1799-இல் அந்நகரில் பிறந்த பவுலின் ஜாரிகோ அம்மையார், பட்டாலைப் பெண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, வாரம் ஒரு காசு வீதம் மறைபரப்புப் பணிக்குத் திரட்டினார். அந்த முயற்சியிலிருந்தே 1822-இல் விசுவாசம் பரப்பும் சங்கம் பிறந்தது. நாம் மறைபரப்பு ஞாயிறன்று இடும் காணிக்கைக்கு மூலம் அதுவே. பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள் நம் பகுதிக்கு வந்து ஆலயமும் பள்ளியும் எழுப்பிய காலத்தில் அத்தகைய காசுகளும் அவர்களைத் தாங்கின. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயரான ஹென்றி புரூனியே அச்சபையைச் சேர்ந்தவரே. ஆக, லியோன் நகரத்து நெசவுத் தெருக்கள் நமக்கு அட்டையும் தந்தன, காசும் தந்தன.

ஜாரிகோ அம்மையாரின் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. தொழிலாளர் குடும்பத்தோடு கண்ணியமாக வாழும் ஆலை ஒன்றை அமைக்க விரும்பி, 1845-இல் ருஸ்த்ரேல் என்னும் ஊரில் இரும்பு உலை ஒன்றை அவர் வாங்கினார். நம்பியவர்கள் வஞ்சித்தனர். எஞ்சிய வாழ்நாளெல்லாம் கடனை அடைக்கப் போராடி, 1862-இல் ஏழையாக இறந்தார். திருச்சபை 2022-இல் அவரை அருளாளராக உயர்த்தியது. ஹீத்தும் இரும்பால் நொடிந்தார். ஜாரிகோவும் இரும்பால் நொடிந்தார். ஆனால் ஜாரிகோ கண்ட கனவில் தொழிலாளருக்கு இடம் இருந்தது. தோல்வியிலும் அந்த வேறுபாடு நிலைத்து நிற்கிறது.

சேலத்தில் ஒரு சோதனை

நெசவாளரின் அறிவை அரசு தேடிவந்த நிகழ்ச்சி நம் சேலத்திலேயே நடந்ததுண்டு. சென்னை மாகாணத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் வளர்த்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர், 1906-இல் சேலத்தில் அரசுக் கைத்தறி நெசவாலை ஒன்றை அமைத்தார். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவைப் பழக்கவும், சிதறிக் கிடந்த நெசவாளரை ஒரே கூரையின்கீழ்க் கூட்டவும் அவர் விரும்பினார். நாடா நல்ல கருவிதான்; வேலையை விரைவுபடுத்தியது. ஆனால் ஆலைக்கு நெசவாளர் விரும்பி வரவில்லை. 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு, அரசு தானே தொழில் நடத்தலாகாது என்று ஆணையிட, ஆலை மூடப்பட்டது.

நெசவாளர் ஏன் வரவில்லை? அவர்கள் சோம்பேறிகள் என்றும் பழமைவாதிகள் என்றும் அக்காலத்தவர் சிலர் எழுதினர். நெசவு வீட்டின் உள்ளமைப்பை அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். தார் சுற்றுபவர் மனைவி. நூல் பிரிப்பவர் தாய். பாவு நீட்டத் தெருவே கூடிவரும். தறியில் அமர்ந்திருப்பவர் ஒருவர். நெய்வதோ ஒரு குடும்பம். ஆலையின் வாயில் அந்த ஒருவரை மட்டுமே உள்ளே அழைத்தது. கையறிவைக் குடும்பத்திலிருந்து பிரித்து, கையை மட்டும் கூலிக்கு எடுக்க முயன்றது. மூடப்பட்ட ஆலையோடு நாடாவும் போய்விடவில்லை. நெசவாளர் அதனைத் தம் வீட்டுத் தறியிலேயே, தம் வசதிக்கேற்ப, ஒருவரைப் பார்த்து ஒருவர் பொருத்திக்கொண்டனர். புதுமையை அவர்கள் மறுக்கவில்லை; புதுமையோடு வந்த விதிகளையே மறுத்தார்கள்.

1960-இல் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கே நெசவு ஏட்டுக்கல்வியாயிற்று. நல்லதே. ஆனால் தறிக்குழியில் நாற்பது ஆண்டு அமர்ந்தவரை ஆசானாக அழைத்துக் கரும்பலகையின் அருகே நிறுத்தும் நாள் வந்தால்தான் சீராக்கின் ஞானி குறிப்பிட்ட மன்றத்தின் கதவு திறந்ததாகும்.

தேனீ காட்டும் வழி

இவ்வாறு இழந்தவற்றையே பேசிக்கொண்டிருந்தால் நெஞ்சு சோர்ந்துவிடும். கையறிவு முறையாகக் கடந்துசென்ற கதைகளும் நம் நாட்டில் உண்டு.

தெலங்கானாவில் ஆலேர் அருகேயுள்ள சர்ஜிப்பேட்டை என்னும் சிற்றூரில் பிறந்தவர் சிந்தகிந்தி மல்லேசம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட நெசவாளர் மகன். போச்சம்பள்ளிச் சேலை நெய்வதற்கு முன் 'ஆசு' என்றொரு வேலை உண்டு. அரைவட்டமாக நாட்டிய முளைகளின்மீது நூலை ஆயிரக்கணக்கான முறை கை வீசிச் சுற்ற வேண்டும். ஒரு சேலைக்கு நாலைந்து மணி நேரமாகும். இதனைச் செய்பவர் பெரும்பாலும் பெண்கள். அவருடைய தாயார் இலட்சுமியின் தோள் அவ்வேலையால் நாளும் வலித்தது. தாயின் வலி மகனுக்குக் கணக்கானது. பல ஆண்டுகள் முயன்று 1999-இல் அவர் ஆசு இயந்திரம் செய்தார். அதே வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை துணைநின்றது. காப்புரிமை அவர் பெயரிலேயே கிடைத்தது. 2017-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் 'லட்சுமி ஆசு'. தோள் வலித்தவளின் பெயர் பொறியின்மேல் எழுதப்பட்டது!

இத்தகையோரைத் தேடிக் கண்டெடுக்கும் இயக்கத்துக்கு வித்திட்டவர் அகமதாபாது மேலாண்மைக் கழகப் பேராசிரியர் அனில் குப்தா. 1980-களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய வலையமைப்புக்குத் 'தேனீ' என்றே பெயர். பூவிடமிருந்து தேனீ எடுக்கிறது, பூ ஏழையாவதில்லை. ஒரு பூவை மற்றொரு பூவோடு இணைத்தும் வைக்கிறது. அறிவைத் தந்தவரின் பெயரைச் சொல்லுதல், அறிந்ததை அவருடைய மொழியிலேயே அவருக்குத் திருப்பித் தருதல், வருவாயில் அவருக்குப் பங்கு தருதல் ஆகியவை அவ்வியக்கத்தின் நெறிகள். மதுரையில் 'சேவா' என்னும் அமைப்பு வெளியிட்ட 'நம் வழி வேளாண்மை' இதழ் இந்நெறியில் தமிழ் உழவரின் அறிவைப் பெயரோடும் ஊரோடும் பதிவுசெய்தது. 2000-இல் மைய அரசின் துணையுடன் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை உருவாயிற்று.

திருச்சபையின் சிந்தனை

தொழிலாளரின் உரிமை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் விடுத்த சுற்றுமடலை நாம் நன்கறிவோம். புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைக் குறித்து எழுதுகையில், உழைப்பின் மதிப்பை அளக்கும் கோல் செய்யப்படும் பொருளன்று, செய்யும் மனிதரே என்று நிலைநாட்டினார். சிங்கராயர் மடலின் நூற்றாண்டு நிறைவில், 1991-இல், அவர் மேலும் ஒரு கருத்தைத் தெளிவுபடுத்தினார். நிலம் உடைமையாக இருந்த காலம்போல, இன்று அறிவும் தொழில்திறனும் உடைமையாகிவிட்டன. ஏழைகளில் பெரும்பாலோர் அந்த அறிவு வலைக்கு வெளியே நிற்பதால் அவர்களுடைய திறமை மதிக்கப்படாமலே போகிறது என்பது அதன் சாரம். ஆவாரங்கட்டை நறுக்கியவரையும் தார் சுற்றுபவரையும் கண்முன் கொண்டு எழுதியதுபோல அது இருக்கிறது.

விடுதலைப் பயண நூலில் ஆண்டவரின் கூடாரத்தை அமைக்கப் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார் பெட்சலேல். இறை ஆவியால் நிரப்பப்பட்டவர் என விவிலியம் முதன்முதலாகக் குறிப்பிடும் மனிதர்களுள் அவர் ஒருவர். அவரோ அரசரல்லர், இறைவாக்கினரல்லர், கைவினைஞர். பொன்வேலை, மரவேலை, பூத்தையல், நெசவு யாவும் ஆவியின் கொடையாக அங்கே எண்ணப்படுகின்றன. 35-ஆம் அதிகாரம் மற்றொன்றையும் சேர்க்கிறது: பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றலும் அவருக்கு அருளப்பட்டது.

இவ்விடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ளவும் வேண்டும். கையறிவு அழிந்ததற்கு அந்நியரும் ஆலையும் மட்டுமே காரணமல்ல. நம் தொழில்கள் குலத்தோடு கட்டுண்டிருந்தன. ஒரு தெருவின் வித்தை அடுத்த தெருவுக்குச் செல்லவில்லை. மகனுக்குச் சொன்னதை மகளுக்குச் சொல்லவில்லை. எழுத்தறிந்தவர் உலையருகே வரக் கூசினர். உலையறிந்தவருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. ஆவியின் கொடையைப் பூட்டிவைத்தால் பூட்டோடு அது துருப்பிடிக்கும்.

நாம் செய்யக்கூடியது

இன்று இளம்பிள்ளைப் பகுதியில் விசைத்தறி பெருகிவிட்டது. அட்டையின் வேலையைக் கணிப்பொறி செய்யும் காலம் வந்துவிட்டது. இதனைத் தடுக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. பெண்ணின் தோள்வலியைக் குறைக்கும் எந்தப் பொறியும் நமக்கு உறவே. ஆனால் கணிப்பொறியில் ஏறும் கரையும் முந்தானையும் எங்கோ ஒரு மூத்த நெசவாளரின் கண்ணிலும் கையிலும் பிறந்தவை. அவர் பெயர் அங்கே ஏறுகிறதா?

சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் 1999-இன் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காக்கிறதேயன்றித் தனி மனிதர் பெயரைத் தானாகக் காப்பதில்லை. உற்பத்தியாளர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு அந்தச் சட்டம் அலமாரியில் இருக்கும் நூலே. கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கினால் அது சிறந்த இறைப்பணியாகும்.

நம் பங்குகளில் திருமுழுக்கு ஏடும் திருமண ஏடும் பேணுகிறோம். மிக ஏழையான குழந்தையின் பெயரையும் பிழையின்றி எழுதிவைக்கும் நல்ல வழக்கம் நம்முடையது. அதனருகே இன்னுமோர் ஏடு வைப்பதில் என்ன தடை? சாயம் காய்ச்சத் தெரிந்த பாட்டி, பாவு பிணைக்கும் பெரியவர், விதை காக்கும் உழவர், எலும்பு முறிவு கட்டுபவர் ஆகியோர் எம்மதத்தவராயினும், அவர்கள் அறிந்ததை அவர்கள் சொல்லிலேயே, அவர்கள் ஒப்புதலோடு, பெயரும் ஊரும் நாளும் இட்டு எழுதிவைப்போம். வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர்கள் விரும்புவதை மதித்து மறைத்துவைப்போம். ஆய்வாளரோ வணிகரோ அந்த அறிவைத் தேடிவந்தால் மூன்று கேள்விகளை நாம் கேட்கலாம்: யாருடைய பெயரில்? யாருடைய ஒப்புதலோடு? யாருக்குப் பயன்?

கஞ்சமலை அடிவாரத்தில் உலை ஊதியவரின் பெயரை இனி நாம் எவ்வளவு தேடினாலும் கண்டெடுக்க முடியாது. இன்று தறியில் அமர்ந்திருப்பவரின் பெயரைக் கேட்பதற்கு ஒரு தெருவைக் கடந்தால் போதும்.